இருநூற்றுத் தொண்ணூறு பாகை

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் அந்த ஆண்டுதான் மன்னார்குடிக்கு வேலைக்கு வந்திருந்தார். திசைக்கோணம் பாடம் நடந்துகொண்டிருந்தது. வடக்கைப் பூச்சியமாக வைத்து வலப்புறம் சுற்றி அளக்க வேண்டும்; கிழக்கு தொண்ணூறு, தெற்கு நூற்றெண்பது. புத்தகத்தில் எல்லாக் கணக்கிலும் ஒரு கப்பல் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் வகுப்பில் கப்பலைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. இரண்டு நாள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு டீச்சர் புத்தகத்தை மூடினார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போய் வேறு வழியில் பள்ளிக்கே திரும்பி, அந்தப் பயணத்தை வரைந்து வரச் சொன்னார்.

எங்கள் ஊரிலிருந்து என்னோடு படித்தவள் தையல்காரர் மகள். மாதா கோயில் தெருவில் வீடு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள். ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரே திசைகாட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலை கிளம்பினோம். அவள் சைக்கிளைத் தள்ளியபடி அடி எண்ணுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் திசைகாட்டியைக் கேரியரில் வைத்துக் கோணம் பார்த்து எழுதுவேன். போகும்போது தார்ச்சாலை, வரும்போது வாய்க்கால் கரை. நடவு முடிந்த வயலிலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு வேகமாக ஏறி வந்தார்.

"என்னம்மா, சர்வே எடுக்குறீங்களா? என் வயல்ல ரோடு போடப்போறாங்களா?"

கணக்குப் பாடம் என்று சொன்னபிறகும் அவர் நம்பவில்லை. அடுத்த திருப்பம் வரை எங்கள் பின்னாலேயே வந்தார்.

மறுநாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தாளில் கோடுகளை இழுத்தோம். பள்ளி வாசலில் கிளம்பிய கோடு சுற்றிவந்து பள்ளி வாசலிலேயே முடிய வேண்டும். எங்கள் கோடு பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த தெப்பக்குளத்தின் நடுவில் போய் முடிந்தது. அடி எண்ணியதில் தப்பு என்றேன் நான். கோணம் பார்த்ததில் தப்பு என்றாள் அவள். கோபத்தில் அவள் வீட்டுக்குக் கிளம்பி, வாசலில் நின்ற சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தள்ளினாள். பக்கத்தில் படிக்கட்டில் இருந்த திசைகாட்டியின் முள் சட்டென்று அசைந்தது.

"இருடி, அப்படியே நில்லு. சைக்கிளத் திரும்பக் கொண்டா."

கொண்டுவந்தாள். முள் மறுபடி நகர்ந்தது. இரும்பு! இரண்டு கிலோமீட்டரும் இரும்புக் கேரியர்மேல் வைத்து வடக்கைத் தேடியிருக்கிறோம். சண்டையை மறந்து இருவரும் சைக்கிளைக் கிட்டே கொண்டுபோவதும் விலக்குவதுமாக அரைமணி நேரம் அந்த முள்ளை ஆட்டி வைத்தோம். அன்று மாலையே சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு எல்லாத் திருப்பங்களையும் மறுபடி அளந்தோம். இந்தமுறை கோடு வாசலுக்கு ஏழெட்டு அடி தள்ளி முடிந்தது. தப்பாக வந்த வரைபடத்தையும் கொண்டுவந்து கொடுத்தோம் என்பதற்காக டீச்சர் இரண்டையும் வகுப்புச் சுவரில் ஒட்டினார்.

அதற்குப் பிறகு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. டீச்சரிடம் கேட்டுக் கேட்டுத் திசைகாட்டியை வாங்கி, கண்ணில் பட்டதற்கெல்லாம் கோணம் பார்த்தோம். ஒருநாள் அட்லஸில் சிங்கப்பூருக்குக் கோடு போட்டோம். என் அப்பா இரண்டு வருடமாக அங்கே கட்டட வேலையில் இருந்தார். பாகைமானியை வைத்தால் ஏறக்குறைய நூற்றுப் பத்து. திசைகாட்டியோடு எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தபோது அந்தத் திசை கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டகையைத் தாண்டிப் போனது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள். அப்பா வடக்கே அல்லவா போனார் என்றாள். வாசலில் மெட்ராஸ் பஸ் ஏறிப் போனவர். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் கை வாசலைத்தான் காட்டும். விமானம் ஏறத்தான் மெட்ராஸ், அங்கிருந்து தென்கிழக்கே திரும்பிப் போய்விட்டார் என்று அட்லஸை விரித்துச் சொன்னோம். அம்மா கொல்லைக் கதவருகே போய்க் கொஞ்சநேரம் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு அப்பா போன் செய்வார். அன்று அம்மா நலம்கூட விசாரிக்கவில்லை.

"நீங்க மெட்ராஸ் பக்கம் இல்லையாம். நம்ம மோட்டார் கொட்டாய்ப் பக்கம் இருக்கீங்களாம்" என்றாள்.

நான் போனை வாங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அப்பா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் எந்தப் பக்கம் பாத்தா நம்ம ஊரு?"

அந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் பதில் உள்ளங்கையில் இருந்ததுபோல் வந்தது. எதிர்த்திசை, நூற்றெண்பதைக் கூட்டினால் போதும்.

"இருநூத்தித் தொண்ணூறுப்பா. சூரியன் மறையுற பக்கம் பாத்து நில்லுங்க, கொஞ்சம் வடக்கால திரும்புங்க."

பூத்துக்காரர், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தில் ஒரு கூடுதல் தாள் இருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அப்பா, தான் தங்கும் விடுதியிலிருந்து வேலை நடக்கும் இடம் வரை வழி வரைந்திருந்தார். லாரியில் போவதால் அடி எண்ண முடியவில்லையாம், நிமிடங்களை எழுதியிருந்தார். திசைகாட்டி கிடைக்காததால் காலை வெயில் எந்தத் தோளில் விழுந்தது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் குறித்திருந்தார். நடுவில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, 'இங்கே நம்மூர் ஆள் டீக்கடை' என்று எழுதியிருந்தார்.

தோழியும் நானும் அதைப் புது வரைபடத்தாளில் இரண்டு பிரதியாக ஏற்றினோம். டீக்கடைக்குச் சிவப்பு மை. வரைந்த தாளில் ஒன்றைச் சுவரில் ஒட்டக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அப்பாவுக்கே அனுப்பினோம். கீழே ஒரு குறிப்பும் எழுதினேன்: மூன்றாவது திருப்பத்தில் கோணம் சரியாக வரவில்லை, தயவுசெய்து கடிதம் கிடைத்த மறுநாள் காலை மறுபடி பார்த்து எழுதவும்.