மணல்மேட்டில் பதில் விசில்

அலுவலகத்தில் அவருக்கு விசில் என்றே பெயர். பாலைவனத்துச் சின்னஞ்சிறு பாட்டுக்குருவி ஒன்று பெருகுகிறதா அருகுகிறதா என்று கால் நூற்றாண்டாகக் கவனிப்பது அன்னாரின் உத்தியோகம். குருவியைக் கண்ணால் பார்ப்பது கடைநிலை ஊழியர் வேலை என்பது அவர் கொள்கை. விடியற்காலையில் மணல்மேட்டு அடிவாரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, குருவியைப் போலவே விசிலடிப்பார். பதில் வந்தால் ஒரு குருவி. மறுபடி வந்தால் இன்னொன்று. இதற்குப் பெயர் விஞ்ஞானம்.

மேட்டின் மறுபக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று துறை கேட்டபோது, உலகமெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து, தன் வீட்டிலேயே தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த மனைவியின் தம்பியைக் கண்டெடுத்தார். விசிலடிக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். கணக்கெடுப்பவர்கள் களத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசக் கூடாது என்பது விதி. இருவரும் வாழ்நாளில் மதித்த ஒரே விதி அதுதான்.

அன்றிலிருந்து குருவிகள் பெருகின. மற்றப் பாலைவனங்களில் எல்லாம் வரைபடக் கோடு சரிய, இங்கே மட்டும் ஏணி வைத்து ஏறியது. மேலிடம் மெச்சி, ஏசி வைத்த குடியிருப்பைக் கொடுத்தது. கோடு இறங்கினால் நிலையத்தை மூடிவிடுவார்கள், வீடும் போகும்.

மேலதிகாரி குருவியை நேரில் கேட்க வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், தம்பி குளியலறையில் சோப்புப் போட்டபடி ஒத்திகை பார்த்தான். கூடத்திலிருந்த விசில், பழக்கதோஷத்தில் பதில் விசிலடித்து, "ஒண்ணு" என்றார். உள்ளேயிருந்தும் "ஒண்ணு" என்று குரல் வந்தது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா நீங்க அவனை எண்ணியிருக்கீங்க, அவன் உங்களை எண்ணியிருக்கான். அப்ப குருவி எங்க?"

"அக்கா, இது ஆராய்ச்சி. உனக்குப் புரியாது" என்றான் தம்பி, தலை நிறைய நுரையோடு கதவைத் திறந்து.

"எனக்குப் புரிஞ்சுபோச்சுடா. நாளைக்கு அந்தாளுக்குப் புரிஞ்சா?"

"மெதுவாப் பேசு," என்றார் விசில். "உனக்கு ஏசி வேணுமா, வேண்டாமா?"

அந்த வீட்டின் மனசாட்சி அரை நிமிஷம் யோசித்தது. பிறகு கத்தியை எடுத்தது. "டேய், நாளைக்கு ஒழுங்கா ஊது."

தம்பி ஈரத்தலையோடு ஏசிக்கு நேர் கீழே படுத்துத் தூங்கினான்.

காலையில் மேலதிகாரி குடை நிழலில் கண்மூடி நிற்க, விசில் ஊதினார். மேட்டுக்கு அப்பாலிருந்து குருவி அருமையாகப் பாடியது. பிறகு இருமியது. பிறகு மூக்கைச் சிந்தியது.

"குருவிக்குச் சளி பிடிச்சிருக்கே!" என்றார் அதிகாரி. "எப்பலேர்ந்து?"

"நேத்து ராத்திரிலேர்ந்துங்கய்யா." உத்தியோக வாழ்வில் விசில் கொடுத்த முதல் உண்மைத் தகவல் அது.

நிலையம் தப்பியது. குருவிச் சளி ஆய்வுப் பிரிவு என்று ஒன்று புதிதாக முளைத்தது. சளியை மிக அருகிலிருந்து கேட்டவர் என்ற தகுதியால் தம்பியே அதற்குத் தலைவன். ஏசிக் குடியிருப்பு தலைவருக்கு உரியதாம். ஆகவே விசில் இப்போது மைத்துனன் வீட்டில்தான் சாப்பிடுகிறார்.