டாங்கி லாரியின் விரிசல்

பொம்மை விளக்கு லாரியின் எஞ்சின் மூடியில் முடியளவு ஒரு கோடு ஓடியிருந்ததைப் பார்த்ததும் பட்டாளத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். நகம் கோட்டுக்குள் இறங்கி நின்றுவிட்டது. தூசி இல்லை, விரிசல்தான்.

“வந்துடுச்சு,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“யாரு?” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

“நோய். எல்லாம் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடினியே, அந்த மனுஷனோட வேலை.”

மனைவி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். “உங்க அக்கா வீட்டுக்காரர் இந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுத்தே ஆறு வருஷம் ஆகுது. அவர் வீட்டுலேர்ந்து ஊதி விட்டாரா?”

பதில் இல்லாத கேள்வி கேட்டால் பட்டாளத்துக்குக் கோபம் இரண்டு மடங்காகும். அன்றைக்கும் ஆனது.

பட்டாளம் என்ற பெயரைக் கேட்டு யாரும் அவரை ராணுவத்தில் இருந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். படத்தில் துப்பாக்கி வெடித்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு கையை நசுக்காமல் திறக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பாதி வாழ்க்கை போயிற்று. மீதிப் பாதி பொம்மை ராணுவ வண்டிகளோடு போயிற்று. அதுவும் புதுசு கிடையாது. அவர் பிறப்பதற்கு முன்னால் வார்க்கப்பட்டவை. உள்ளங்கையில் அடங்கும் ஜீப்பு, கூண்டு வைத்த ஆம்புலன்ஸ், முதுகில் தேடுவிளக்கு சுமக்கும் விளக்கு லாரி, பீரங்கியை இழுத்துப் போகும் வண்டி, தலை திரும்பும் டாங்கி. பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து விளிம்பில் உலோகம் தெரிய வேண்டும், சக்கரம் அசல் ரப்பராக இருக்க வேண்டும், மேலே புதுப் பெயிண்ட் ஒரு சொட்டுகூட விழுந்திருக்கக் கூடாது. இந்தக் கட்டளைகளைப் படுக்கையறைச் சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரி ஒழுங்காகக் கடைப்பிடித்துவந்தது. வீட்டு மனிதர்கள் அந்த அளவுக்கு இல்லை.

இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் அத்தான்தான், அக்காவின் கணவர். கல்யாணமான புதிதில் மச்சினனோடு என்ன பேசுவதென்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குக் கூட்டிப்போனார். ஓட்டைப் பாத்திரங்களுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து ஒரு ஜீப்பை எடுத்து, மேலே பார்க்காமல் தலைகீழாகக் கவிழ்த்தார்.

“எத வாங்கினாலும் அடிப்பக்கம் பாரு மாப்ளே. மேல பெயிண்ட் பொய் சொல்லும். அடியில அச்சு பொய் சொல்லாது.”

அன்றிலிருந்து ஞாயிறு தவறினதில்லை. இருவரும் சந்தையில் சாமானைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், தேநீர் குடிப்பார்கள், சக்கரத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள், சமாதானமாவார்கள். பட்டாளத்துக்கு வேலையிடத்தில் கூட்டாளிகள் உண்டு. ஆனால் ஒரு கவச வண்டியின் கதவுக் கீலைப் பார்த்து அவரோடு சேர்ந்து மூச்சை இழுத்துப் பிடிக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த ஒரே ஆளைத்தான் இவர் கெடுத்துக்கொண்டார். எப்படி என்று கேட்டால் கேட்பவருக்கே எரிச்சல் வரும்.

டாங்கி ஏற்றிப்போகும் நீள லாரி ஒன்று அத்தானிடம் இருந்தது. அவர் அலமாரியில் ராஜா அதுதான். பட்டாளம் போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விடுவார். பெருமூச்சு தாங்காமல் ஒரு நாள் அத்தான் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தே விட்டார். “உன் கண்ணு பட்டு என் வீட்டுல இருக்கிறதவிட உன் வீட்டுல இருக்கட்டும் போ.”

பட்டாளம் அதை அலமாரியின் நடு அடுக்கில் வைத்தார். ஒரு வருடம் போனது. லாரியின் பின்தட்டில் விரிசல் விட்டது. பிறகு பக்கத்திலிருந்த கவச வண்டியில். அப்புறம் அதற்கும் பக்கத்தில். பழைய வார்ப்புப் பொம்மைகளுக்கு வரும் சீக்கு இது. சேகரிப்பவர்கள் புற்று என்பார்கள். முதலில் கோடு விழும், பிறகு உடம்பு வீங்கும், கடைசியில் நமுத்த பிஸ்கட் மாதிரி விரலில் உதிரும்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் பின்னறையில் பழைய பொம்மைகளும் விற்றார். எதையும் உருப்பெருக்கியில்தான் பார்ப்பார் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவர் விரிசலைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். “இது ஒட்டுவாரொட்டி. ஒண்ணுக்கு வந்தா பக்கத்துல இருக்கிறதுக்கும் தாவும். தொட்ட கையால இன்னொண்ணத் தொடக்கூடாது.”

அவ்வளவுதான், பட்டாளம் தையத்தக்கா என்று குதித்தார். அத்தானுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தே சீக்கு வண்டியைத் தன் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு கட்டினார். அத்தான் பொறுமையாகத்தான் சொன்னார். “என் அலமாரியில அது எத்தனை வருஷம் இருந்துச்சு? பக்கத்துல இருந்த ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலையே மாப்ளே.” நியாயமான பேச்சு. கோபத்தில் இருப்பவனுக்கு நியாயத்தைப் போல எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை. டாங்கி லாரியும் விரிசல் விட்ட மற்ற வண்டிகளும் குப்பைக்குப் போயின. வண்டிகளைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது என்ற சட்டம் வந்தது.

அடுத்த மாதம் அத்தானும் அக்காவும் வீட்டுக்கு வந்தார்கள். பட்டாளத்தின் முதல் ஜீப்புக்கு ஓட்டுநர் கிடையாது. இருக்கையில் ஒரு துளை மட்டும் இருக்கும். அந்தத் துளையில் பொருந்துகிற பட்டாணி அளவுத் தலை கொண்ட ஓட்டுநரை எங்கெங்கோ தேடி, காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார் அத்தான். நேரே அலமாரிப் பக்கம் போனார். பட்டாளம் குறுக்கே நின்றார். வேலைப் பையிலிருந்து மசகுக்கறை படிந்த ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினார்.

“இதப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க. உங்க கையில அது இருக்கு.”

அக்கா இருந்தாள், மனைவி இருந்தாள், தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அத்தான் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அக்கா பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அந்தப் பொட்டலத்தையும் இந்த மனிதர் பிரிக்காமல் தெருக்குப்பையில் போட்டார் என்பதைச் சொல்லும்போது எனக்கே கை துறுதுறுக்கிறது.

ஆக, ஆறு வருடம் கழித்து விளக்கு லாரியிலும் விரிசல். நோயாளி லாரி வீட்டில் இல்லை, அத்தானின் கை படவில்லை, சோப்புச் சட்டத்தில் ஓட்டை விழவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது? பட்டாளம் லாரியைத் துணியில் சுற்றிக்கொண்டு பூதக்கண்ணாடியிடம் போனார்.

பூதக்கண்ணாடி உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். “புற்றுதான். ஒண்ணும் பண்ண முடியாது.”

“எப்படித் தொத்துச்சு?”

“இது தொத்துறதே இல்லையே,” என்றார் அவர் சாவகாசமாக. “இது வார்க்கும்போதே வர்றது. துத்தநாகம் காய்ச்சின சட்டியில கொஞ்சம் ஈயம் விழுந்திருக்கும். அப்பவே விதி எழுதியாச்சு. ஈரம் பட்டா சீக்கிரம் வெளிய வரும், அவ்வளவுதான். உங்க அலமாரி எந்தச் சுவத்துல இருக்கு?”

குளியலறைச் சுவரில். அந்தப் பக்கம் குழாய் ஓடுகிறது. மழைக்காலத்தில் சுண்ணாம்பு பூத்து உதிரும். லிஃப்ட் குழியில் ஈரம் கண்டால் கட்டடக் காவலாளியை உண்டு இல்லை என்று பண்ணுகிற மனிதர், தன் படுக்கையறைச் சுவரை ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

“ஒட்டுவாரொட்டின்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார் பட்டாளம்.

“அப்ப எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். இப்ப இல்லன்னு ஆயிடுச்சு. நல்ல ஆம்புலன்ஸ் ஒண்ணு வந்திருக்கு, பாக்குறீங்களா?”

பட்டாளம் மேசையை ஓங்கித் தட்டினார். கண்ணாடிச் சட்டங்கள் குதித்தன. “உங்க வாய்ப்பேச்சக் கேட்டு என் குடும்பமே ரெண்டாப் போச்சுய்யா.”

“நான் பொம்மையப் பத்தித்தான் சொன்னேன்,” என்றார் பூதக்கண்ணாடி. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. கையுறையை நீட்டச் சொன்னது அவர் இல்லையே.

அங்கிருந்து அத்தான் வீட்டுக்குப் பட்டாளம் போன வேகத்தைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்கப் போகிற ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தப்புத் தன் மேல் என்று மண்டையில் உறைத்துவிட்டது. உறைத்ததும் அதைத் தூக்கி வேறு யார் தலையிலாவது வைக்க வேண்டும் போலிருந்தது. அக்கா ஏன் தன்னை உட்காரவைத்து நாலு அறை அறையவில்லை? அத்தான் ஏன் அன்றைக்கே சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை? இப்படி எல்லோரும் மானஸ்தர்களாக எழுந்து போனால் ஒருவன் எப்படித்தான் திருந்துவான்? மாடிப்படி ஏறும்போது இதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்த அக்கா முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. “வா,” என்றாள்.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியின் கூண்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “வாங்க தம்பி. உக்காருங்க. வெயில்ல வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, அக்காவிடம் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மாப்ளே என்ற வாயால் தம்பி, வாங்க, உக்காருங்க. ஒத்திகை பார்த்ததெல்லாம் பட்டாளத்துக்கு மறந்துபோயிற்று. அவர் கண் அலமாரியைத் தேடியது. அலமாரி இருந்தது. அடுக்குகளில் மடித்த துண்டுகள், மாத்திரைப் பெட்டி, டார்ச் விளக்கு. வண்டி ஒன்றுகூட இல்லை.

“எங்க அத்தான் எல்லாம்?”

“குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“சந்தையில கேட்டவங்களுக்கு. அப்பவே.”

அப்பவே என்றால் எப்போது என்று அக்காவின் முகம் சொன்னது. பட்டாளம் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினார். பூதக்கண்ணாடி சொன்னதைச் சொன்னார், குளியலறைச் சுவரைச் சொன்னார், அது தொற்றவே தொற்றாது அத்தான் என்றார். ஒரு மருத்துவர் நல்ல செய்தி சொல்கிற தோரணை அதில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குத் தாங்கவில்லை.

“இதத்தானேடா அவர் அன்னிக்கே சொன்னாரு? கண்ணாடிக் கடைக்காரன் சொன்னா உனக்கு வேதவாக்கு, இந்த மனுஷன் சொன்னா பொய்யா? அந்த உப்புப் பெறாத இரும்புத் துண்டுக்காக இவரக் குஷ்டரோகி மாதிரி வாசல்ல நிறுத்தின. வீட்டுக்கு வந்து எத்தனை தடவை கை கழுவினாரு தெரியுமா? சாப்பிட உக்காந்தா கையப் பாப்பாரு. என் கையப் பிடிக்க யோசிச்சாருடா. சந்தைக்குப் போனா எதையும் தொட மனசு வரலன்னு திரும்பி வந்துட்டாரு. எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுத்துட்டு வந்து இதே நாற்காலியில உக்காந்தாரு.”

“விடு,” என்றார் அத்தான்.

“என்ன விடு? நீங்க விட்டு விட்டுத்தான் இவன் இப்படித் திரியிறான்.”

அக்கா திட்டத் திட்டப் பட்டாளத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. திட்டு விழுகிற இடத்தில் உறவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதே திட்டை அத்தான் வாயாலும் வாங்கிவிட்டால் போதும், ஞாயிறு மறுபடி ஞாயிறாகிவிடும் என்று நினைத்தார். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் செஞ்சது அயோக்கியத்தனம் அத்தான். வாய்க்கு வந்தபடி திட்டுங்க. ரெண்டு போடு வேணும்னாலும் போடுங்க.”

“எதுக்கு தம்பி?” அத்தான் விசிறியின் இறக்கையை ஒவ்வொன்றாகத் துடைத்தார். “தெரியாம நடந்தது. உங்க வண்டிக்கு ஆபத்துன்னு பயந்தீங்க. எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல.”

சத்தியமாக இல்லை. பட்டாளம் அந்த முகத்தைக் கவிழ்த்துப் போட்டே பார்த்துவிட்டார். ஒளித்துவைத்த வருத்தம், குத்தல், வீம்பு, எதுவும் அகப்படவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது.

“அப்ப ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போலாமா? சும்மா சுத்திட்டு, டீ குடிச்சிட்டு வரலாம்.”

“அந்த ஆசை விட்டுப்போச்சு. நீங்க போய்ட்டு வாங்க,” என்றார் அத்தான். கூண்டை விசிறியில் மாட்டிச் சுவிட்சைத் தட்டினார். காற்று வந்தது.

பட்டாளம் எழுந்தார். அழுகை வரும் என்று பார்த்தால் கோபம்தான் வந்தது, காது மடல் சுடுகிற அளவுக்கு. கோபிக்க எதிரில் ஆளே இல்லாத கோபம். வாசல்வரை அக்கா கூட வந்தாள். படியில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு வார்த்தை திட்டச் சொல்லுக்கா. ஒரே ஒரு வார்த்தை. என்னால தாங்க முடியல,” என்றார்.

அக்கா கையை உருவிக்கொள்ளவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

“பசிச்சா வா, சாப்பாடு போடுறேன். நான் உனக்கு அக்காதான், அது மாறாது. அவர்கிட்ட இனிமே எதையும் கேக்காத. அவரும் கோவப்பட்டாருடா. தனியா உக்காந்து வருஷக்கணக்காக் கோவப்பட்டு, ஒரு வழியா முடிச்சிட்டாரு. நீ இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்க.”