சலூன்காரர் துடைத்த கோடு

எங்கள் வார்டின் ஏழாம் கட்டிலுக்கு வந்தவர் முப்பது வருட சலூன்காரர். குனிந்தால் தலை வெடிக்கும், மல்லாந்து படுத்தால் வலி போய்விடும். குனியாமல் எப்படி முடி வெட்டுவது? நாற்காலியில் தலையணைகளை அடுக்கி வாடிக்கையாளர்களை உயர்த்திப் பார்த்தார். ஒருவர் சரிந்து விழுந்தார். அன்றே கடையைப் பூட்டினார்.

மூக்குக்கண்ணாடி மாற்றினார், மூக்குக்கு ஆவி பிடித்தார். குறையவில்லை. ஸ்கேன் எடுத்ததும் தெரிந்தது. மூளையின் நடுவே பட்டாணி அளவு நீர்க்கட்டி. புற்று இல்லை, அபூர்வமானது. ஆனால் மூளைநீர் வடியும் வழியில் தக்கைபோல் உட்கார்ந்திருந்தது. முழுதாக அடைத்தால் உயிர் போகும். கொஞ்ச நாளாக அவருக்கு இருந்த மறதிக்கும் அதுதான் காரணம்.

மனைவி ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என் பேச்சுதான் தலைவலின்னு ஊரெல்லாம் சொன்னீங்களே? இதுல நான் எங்க இருக்கேன், காட்டுங்க!"

"நல்லா தேடு, கிடைப்பே."

மண்டையோட்டில் துளை போட்டு, கேமரா வைத்த குழாய் வழியாகக் கட்டியை எடுக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய மாலை நான் நெற்றிக்கு மேல் கையகலம் மழித்தேன். சர்ஜன் அங்கே நீலக் கோடு போட்டார். காலையில் கட்டில் காலி. ஆள் சவரக்கத்தியோடு குளியலறைக் கண்ணாடி முன் நின்றார். தலை முழுதும் பளபளத்தது. கோட்டைக் காணோம்.

"என்னங்க பண்ணீங்க?"

"யாரோ பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க சிஸ்டர். கத்துக்குட்டி போல. மையை வேற பூசிவெச்சிருக்கான். தேய்ச்சு எடுத்துட்டேன்."

அந்தக் கத்துக்குட்டி நான்தான். 

சர்ஜன் தலையில் கைவைத்துக்கொண்டார். மறுபடி படத்தைப் பார்த்து, அளந்து, கோடு போட்டார். தியேட்டர் வாசல்வரை நோயாளியின் இரண்டு கைகளையும் நான் விடவில்லை.

கட்டி முழுசாக வந்தது. அதற்காகக் கடை திறந்துவிட முடியாது. குனிய முடிகிறதா என்று தெரிய வேண்டும். நான்காம் நாள் சர்ஜன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் தோள் உயரத்துக்கு மெதுவா குனிங்க."

குனிந்தார்.  அப்படியே நின்றார், அரை நிமிடம், ஒரு நிமிடம்.

"வலிக்குதா?" என்றார் சர்ஜன்.

"வலியா? அதெல்லாம் இல்ல. உங்க இடது கிருதா ஏன் டாக்டர் இவ்வளவு கீழ தொங்குது?"

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு மாசத்துக்கு நீங்க கத்தரிக்கோலைத் தொடக் கூடாது," என்றார் சர்ஜன்.

சலூன்காரர் நிஜமாகவே கவலைப்பட்டார்.

"அதுவரைக்கும் இந்தக் கிருதாவோடவா வெளிய போகப் போறீங்க?"