சொல்லாதே என்றார் மாமியார்

இருந்தவர்கள்: முதலாளி ஹாஜியார். திரைச்சீலை தைக்கும் மணியம். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுக்கும் சரவணன். வேன் ஓட்டும் நான். இடம், தங்காக் ஊரில் எங்கள் துணிக்கடையின் பின்பக்கம். காலை டீ நேரம்.

சரவணன் ஒரு வாரம் லீவு கேட்டான். சிகாமட்டில் சொந்தக்காரர் கல்யாணமாம். தேதியைப் பிறகு சொல்கிறானாம்.

"தேதி இல்லாத கல்யாணம், அதுவும் ஒரு வாரம். யாரு வீட்டுலப்பா?" என்றார் ஹாஜியார்.

சரவணன் தலையைக் குனிந்தான். பிறகு உண்மை வந்தது...

கல்யாணம் இல்லை. பிள்ளை. மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது. பிறக்கும்வரை யாரிடமும் மூச்சுவிடாதே, கண் பட்டுவிடும் என்பது மாமியார் கட்டளை. அந்த மாமியாருக்கு முட்டிவலி. இவர்கள் வீடோ லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. மூத்தவளுக்கு இரண்டு வயது. இவன் வேலைக்கு வந்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

அப்பாவுக்கும் லீவு உண்டு என்று சட்டம் வந்தது ஹாஜியாருக்குத் தெரியும்.

"ஆனா முப்பது நாளைக்கு முன்னாடியே சொல்லணும்லா. நீ இப்பதான வாயத் திறக்குற."

சரவணன் டீயைத் தொடவில்லை.

எனக்கு அதுதான் புரியவில்லை. வீடு சொல்லாதே என்கிறது. சட்டம் சொல் என்கிறது. நடுவில் நிற்பவன் என்ன செய்வான்?

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். தெரியாததைக் கேட்க வெட்கப்படுவதில்லை. லேபர் ஆபீசுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

ஒரு பெண் மலாய் மொழியில் பொறுமையாகச் சொன்னார். கல்யாணமானவர், அதே முதலாளியிடம் ஒரு வருஷமாவது வேலை பார்த்தவர் என்றால் சம்பளத்தோடு ஏழு நாள், விடாமல் தொடர்ந்து. ஐந்து பிள்ளைவரை. முப்பது நாள் முன்பே சொல்ல வேண்டும் — இல்லாவிட்டால், பிறந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொன்னாலும் செல்லும்.

சரவணன் எங்களோடு எட்டு வருஷமாக இருக்கிறான்.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாமியாருக்கும் இடம் விட்டுத்தான் சட்டம் எழுதியிருக்காங்க போல."

மணியத்துக்குப் புரையேறியது. சரவணன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

போன வியாழக்கிழமை காலை ஹாஜியாருக்கு போன். பெண் குழந்தை. முதல் தகவல் முதலாளிக்குத்தான். மாமியாருக்கே அப்புறம்தானாம்.

இப்போது பின்பக்கத்தில் ஒரே பேச்சு. ஓர் ஆம்பிளை ஏழு நாள் வீட்டில் என்ன செய்வான்? எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

ஹாஜியாருக்கு நாலு பிள்ளைகள். ஒன்று பிறந்த அன்று மட்டும் வீட்டில் இருந்தார் — வெள்ளத்தில் கடை மூடிக் கிடந்தது. மணியத்துக்கு மூன்று. கடைசிப் பையன் தீபாவளியன்று பிறந்தான். அன்று எப்படியும் லீவு. எனக்கு இரண்டு. ஒன்று பிறந்தபோது நான் பொந்தியானில், வேனில். இன்னொன்றுக்கும் வேனில்தான். எந்த ஊர் என்று ஞாபகமில்லை.

கூட்டிப் பார்த்தோம்.

பிள்ளைகள் ஒன்பது. நாங்கள் வீட்டில் இருந்த நாள், இரண்டு.