நீடாமங்கலம் கேட்டில் திறந்த கார் கண்ணாடி

போன சித்திரையில், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நடந்தது இது. இப்போதும் யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்கே குழம்பிவிடும்.

வளைகுடா வேலையை விட்டு ஊருக்கு வந்த என் கணவர் முதல் காரியமாக ஒரு பழைய காரை வாங்கினார். கூத்தாநல்லூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பல வருஷமாக நின்றிருந்த கார். அந்த வீட்டுக்காரர்கள் அந்தக் காலத்தில் மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாம். சின்ன வண்டி, இரண்டே கதவு. அதன் ஜன்னல் கண்ணாடி மேலும் கீழும் ஏறி இறங்காது. அலமாரிக் கண்ணாடி மாதிரி முன்னும் பின்னும் நகரவேண்டும். ஆனால் நகரவில்லை. கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் பாசியும் தூசியும் சேர்ந்து சிமெண்ட் போல இறுகிக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார், மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார். "உடைச்சுத்தாங்க எடுக்கணும். உடைச்சா இந்தக் கண்ணாடி திரும்பக் கிடைக்காது" என்று மெக்கானிக்கும் கைவிரித்துவிட்டார். என்ஜின் ஓடுகிற சந்தோஷத்தில் என் கணவர் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டார்.

அன்றைக்கு என் தங்கையைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஏழு மாதக் கர்ப்பிணி. சொல்லிவைத்திருந்த வாடகைக் கார் வரவில்லை. "நம்ம வண்டிதான் இருக்குல்ல, வாங்க" என்றார் இவர். வண்டி ஓடும்போது கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வந்தது. கேட் மூடியிருந்ததால் வண்டியை நிறுத்தியதும் அதுவும் நின்றது.

நீடாமங்கலம் கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மூடினால் லேசில் திறக்காது. எங்களுக்கு இடது பக்கம் ஒரு வைக்கோல் லாரி வந்து ஒட்டி நின்றது. பிதுங்கிய வைக்கோல் என் பக்கத்துக் கண்ணாடியை அடைத்துக்கொண்டது. வலது பக்கம், எதிர் வண்டிகள் வரவேண்டிய இடத்தில், ஒரு பஸ் ஏறி நின்றது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். கதவைத் திறந்தால் கை நுழையும், ஆள் நுழைய முடியாது. அந்த இடுக்கு வழியாகவும் பஸ்ஸின் சூடும் புகையும்தான் உள்ளே வந்தன.

பின் சீட்டிலிருந்த தங்கை, "அக்கா, கண்ணு இருட்டுதுக்கா" என்றாள். திரும்பிப் பார்த்தேன். உதடெல்லாம் வெளுத்திருந்தது. தண்ணீரைக் கொடுத்தால் விழுங்கவில்லை. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். கேட்டில் எல்லோரும்தான் ஹாரன் அடிக்கிறார்கள், யார் திரும்பிப் பார்ப்பது?

இவர் ஸ்பேனரை எடுத்துத் தன் பக்கத்துக் கண்ணாடியை உடைக்கக் கையை ஓங்கினார். அப்போதுதான் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெண் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்கிற மாதிரி. ஏன் தடுக்கிறார் என்று விளங்கவில்லை. ஏதோ கத்தினார், பஸ் உறுமலில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே குனிந்தார், நிமிர்ந்தார். கையில் ஒரு பிளாஸ்க். மூடியைத் திருகி, எங்கள் கண்ணாடிமேல் ஆவி பறக்க வெந்நீரை ஊற்றினார்.

"யாருங்க இது, பைத்தியமா?" என்று நான் அலறினேன்.

அவர் நிறுத்தவில்லை. கண்ணாடியின் அடிப்பள்ளத்தைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கறுப்பாக ஏதோ கரைந்து கதவில் வழிந்தது. பிறகு உள்ளங்கையைக் காட்டித் தள்ளச் சொன்னார். இவர் பின்பக்கமாகத் தள்ளினார். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு, முன்பக்கம் என்று சைகை காட்டினார். நாங்கள் இத்தனை மாதமாகப் பின்னால்தான் தள்ளிக்கொண்டிருந்தோம். முன்னால் அழுத்தியதும் ஒரு முனகல். நகக்கண் அளவு நகர்ந்தது. மீதித் தண்ணீரையும் ஊற்றினார். கண்ணாடி சட்டென்று ஓடியது.

பெரிய காற்றெல்லாம் இல்லை. வெயில் காற்றுதான். ஆனாலும் தங்கை வாயைத் திறந்து அதை இழுத்தாள். அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலையும் நீட்டி, "மூஞ்சியில தெளிங்க. தலையைத் தூக்காதீங்க, அப்படியே ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எத்தனை மாசம்?" என்றார்.

"ஏழு."

"ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க."

தங்கை கண்ணைத் திறந்து, "எங்கக்கா இருக்கோம்?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.

"உங்களுக்கு எப்படிங்க இது தெரியும்?" என்று இவர் அண்ணாந்து கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கேட் தூக்கப்பட, அத்தனை வண்டியும் சேர்ந்து ஹாரன் அடித்தன. "எங்க வீட்டுல..." என்பது மட்டும் காதில் விழுந்தது. பஸ் நகர்ந்தபோதுதான் அவர் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்ததைக் கவனித்தேன். அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவர் பால்பவுடர் டப்பாவையும் காலிப் பிளாஸ்க்கையும் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் முன்னால் போய்ப் பிடிக்கலாம் என்று பார்த்தோம். நெரிசலில் பஸ் தப்பிவிட்டது.

தங்கைக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆடியில் மகன் பிறந்தான்.

"எங்க வீட்டுல இதே கார் இருந்துச்சு"ன்னுதான் சொல்லியிருப்பார் என்பது இவர் கட்சி. கூத்தாநல்லூர் வீட்டிலும் போய் விசாரித்தார். அவர்களுக்கு அப்படி யாரையும் தெரியவில்லை. வீட்டு அலமாரிக் கண்ணாடியைத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. எதுவென்று இனித் தெரியப்போவதில்லை.

ஆனால் தன் பிள்ளை பசித்து அழும்போது, முகம் தெரியாத ஒருத்தியின் பிள்ளைக்காக அந்த வெந்நீரைக் கடைசிச் சொட்டுவரை ஊற்ற ஒரு தாய்க்கு எப்படி மனம் வந்தது, அவள் இடத்தில் இருந்திருந்தால் எனக்கு வந்திருக்குமா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.