மாயா பார்க்காத வெயில்

மாயாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. புளியந்தோப்பிலிருந்து திருவொற்றியூருக்கு, எங்கள் சோலார் பட்டறைக்கு வந்தால் டீயைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பாள். கரண்ட் எட்டாத மலையூர்களுக்கு சோலார் தகடும் பேட்டரியும் பொருத்துவது எங்கள் தொழில். அதில் அவள் இறங்கிவிட்டால் நான் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் கேட்க மாட்டாள்.

ஜவ்வாது மலையில் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போன மாதம் நாங்கள்தான் சோலார் போட்டோம், தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டிக்காக. அங்கிருந்து நர்ஸ் மலர் போன் செய்தாள்.

“பேட்டரி நிரம்பவே மாட்டேங்குதுக்கா. பெட்டியில குளிர்ச்சியே இல்ல. மருந்தையெல்லாம் கீழ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். வியாழக்கிழமை ஊசி போடற நாளு. பிள்ளையத் தூக்கிட்டு மலை தாண்டி வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்ல?”

மாயா பேட்டரியைத் திட்டினாள், பேட்டரி விற்றவனைத் திட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாத்துக்கு நின்னுகினுகீற? வண்டிய எடு.”

வழியெல்லாம் மலருக்குப் போன் போட்டு அவள் உயிரை வாங்கினாள்.

மறுநாள் காலையில்தான் விஷயம் புரிந்தது. விடிந்து வெகுநேரமாகியும் தகட்டில் வெயில் விழவில்லை. கிழக்கே மலை மறைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் மேற்கு மலையும் சீக்கிரமே மறைத்துவிடுமாம். எங்களுடையது கடலோர ஊர். சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்தால் நேராக முகத்தில் அடிக்கும். நடுவில் ஒன்று மறைக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. போன தடவை உச்சிவெயிலில் வந்து, மாட்டிவிட்டு, உடனே இறங்கிவிட்டோம்.

“வெயிலு ரொம்ப நேரம் எங்க நிக்கும்?” என்றாள் மாயா. குரலே இறங்கியிருந்தது.

மலர் மேட்டிலிருந்த ஒரு பாறைக்குக் கூட்டிப்போனாள். ஊரே தானியம் காயவைக்கும் பாறை. பச்சையம்மா என்கிற இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு சாமையைத் துழாவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சாமையை ஒரு பக்கமாகக் கூட்டி ஒதுக்கி, பாதிப் பாறையை எங்களுக்கு விட்டாள்.

“போன வாட்டியே இத்த சொல்லியிருக்கலாமே” என்றாள் மாயா.

“நீங்க கேக்கலியே அக்கா. தெரிஞ்சுதான் போடறீங்கன்னு நெனச்சோம். என் பொண்ணுக்கும்தான் வியாழக்கிழமை ஊசி” என்றாள் பச்சையம்மா.

மாயாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

தகட்டைப் பாறைக்கு மாற்றி, தடித்த ஒயர் இழுத்தோம். புதன்கிழமை பெட்டி ஜில்லென்று ஆனது, மருந்தும் மேலே வந்து சேர்ந்தது. வேலை முடிந்த பிறகும் மாயா கீழே இறங்க மறுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை முதல் ஊசி பச்சையம்மாவின் குழந்தைக்கு. அது கொஞ்ச நேரம் வீறிட்டு அழுது ஓய்ந்தது. மாயாவின் அழுகைதான் ஓயவில்லை.