தோல் செருப்போடு கடலுக்குப் போனேன்: புதுச்சேரி முதல் கோடியக்கரை வரை ஏழு நாள்

இந்த ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை கிளம்பி, எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு முழு வாரம் கடலோரமாக இருந்துவிட்டு வந்தேன். திருமணமாகி நாற்பத்தைந்து வருடம் ஆம்பூரில் வாழ்ந்தவள் நான். பாலாற்றைத் தண்ணீராகப் பார்த்ததைவிட மணலாகப் பார்த்ததுதான் அதிகம். என் கணவருக்குத் தோல் வியாபாரம். கடலுக்குப் போகலாமா என்று கேட்டால், "இந்த ஆர்டர் போகட்டும்" என்பார். ஆர்டர்கள் போய்க்கொண்டே இருந்தன. நான்கு வருடத்துக்கு முன் அவரும் போய்விட்டார். இப்போது நான் வேலூரில் தனியாக இருக்கிறேன்.

என் வயதுக்காரர்கள் சிலர் இப்படி ஒரு பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்துவைத்து எழுதுகிறேன். நடந்ததையும் உள்ளபடியே எழுதுகிறேன். குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளைப் பார்ப்பதுதான் என் முக்கிய ஆசை.

ஓசூரில் இருக்கும் என் மகள் நிர்மலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எங்கயாவது ஒரு தடவை விழுந்தாலும் அன்னைக்கே எனக்குச் சொல்லணும். அதோட தனியா போறத நிறுத்திடணும். சரியாம்மா?" நான் சரி என்றேன். கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டு வருடம் படித்தவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். தினமும் மாலை ஏழரைக்குப் போன் என்று முடிவாயிற்று.

கார் ஆம்பூர் இக்பாலுடையது. ஆறு வருடமாக என்னை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணங்களுக்கும் அழைத்துப் போகிறவர். ஏழு நாளுக்குப் பேசி முடித்தது பதினெட்டாயிரம் ரூபாய், டோல் தனி. வேலூர் லாங் பஜாரில் ஒரு நல்ல தோள்பை வாங்கினேன். ஆம்பூரில் சொல்லி, தோல் அடி வைத்த செருப்பு இரண்டு ஜோடி செய்துகொண்டேன். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி ரப்பர் செருப்பு உள்ளே வந்ததில்லை. அது என் கணவர் போட்ட சட்டம். உறவுக்காரர்கள் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வருவார்கள். நானும் அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

முதல் நாள் காலை 5.30க்குக் கிளம்பி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாக 155 கிலோமீட்டர். 9.50க்குப் புதுச்சேரி. செஞ்சிக் கோட்டையைக் காலை வெயிலில் பார்ப்பதற்காகவே இந்த வழியில் போகலாம். அறை வாடகை 2,400. போர்வையை மாற்றச் சொன்னேன், முகம் சுளிக்காமல் மாற்றினார்கள். இரண்டு மாலையும் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருந்தேன். அலை வந்து கல்லில் மோதுவதை நாள் முழுக்கப் பார்க்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இக்பால் மட்டும் சாப்பாட்டில் திருப்தி அடையவில்லை. "இது பிரியாணி இல்லம்மா, மஞ்ச சோறு" என்று மூன்று கடையிலும் அதே தீர்ப்பை வழங்கினார்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, கடலூர், சிதம்பரம் தாண்டி 80 கிலோமீட்டரில் பிச்சாவரம். துடுப்புப் படகுதான் எடுக்க வேண்டும் என்பது என் கண்டிப்பான சிபாரிசு. மோட்டார் சத்தத்தில் அந்த இடத்துக்குப் போய் என்ன பயன்? படகோட்டி என் காலைப் பார்த்தார்.

"இந்தச் செருப்பு வேணாம்மா. அடி வழுக்கும். கழட்டிட்டு ஏறுங்க."

"இது ஆம்பூர்த் தோல்" என்றேன்.

"தண்ணிக்கு அது தெரியாதும்மா."

நான் கழற்றவில்லை. படகின் அடியில் நின்ற உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் அவை ஊறின. அதை அப்போது நான் கவனிக்கவும் இல்லை. அலையாத்தி மரங்கள் வேர்களை விரல்போல ஊன்றி, இரண்டு பக்கமும் கூரையாக வளைந்து நின்றன. உள்ளே போகப் போக வெளிச்சம் பச்சையாகிவிட்டது. ஒரு மீன்கொத்தி எங்களுக்கு முன்னால் கிளை கிளையாகத் தாவி வழிகாட்டியது. துடுப்பை நிறுத்தியதும் மரங்களுக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. தேவாலயத்தில்கூட அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை.

அன்று மாலை தரங்கம்பாடி, 50 கிலோமீட்டர். மறுநாள் காலை 6.20க்குச் சூரியோதயம் பார்க்கக் கரையிலிருந்த கற்கள் மேல் ஏறினேன். இரவில் காய்ந்த செருப்பு பலகைபோல விறைத்திருந்தது, ஓரத்தில் உப்பு பூத்திருந்தது. பார்த்துவிட்டேதான் போட்டுக்கொண்டேன். மூன்றாவது கல்லில் பாசி. அடுத்த நொடி நான் கீழே கிடந்தேன்.

இக்பால் ஓடிவருவதற்குள் மீன்கூடையோடு போன ஒரு பெண் வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். என் வயதுதான் இருக்கும். தலைத்துணியை அவிழ்த்து இடது மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினார்.

"எந்த ஊரு தாயி?"

"வேலூர். முன்ன ஆம்பூர்."

"செருப்பு செய்யிற ஊருதான அது? அங்கேர்ந்து வந்து செருப்புலயே விழுந்தியா?" என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கை வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

காரைக்காலுக்கு 15 கிலோமீட்டர் போய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறிவு இல்லை, சுளுக்கு. பட்டைக் கட்டு, மாத்திரை. திரும்பும் வழியில் இக்பால் ஒரு செருப்புக் கடை முன்னால் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கினேன். 140 ரூபாய். அடி பள்ளம் பள்ளமாக, தரையைக் கவ்விப் பிடித்தது. தையலே இல்லாததால் குறை சொல்லவும் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் பச்சைத்தோல் உப்புப் போட்டுத்தான் வரும். தோல் பதனிடும் டேனரியில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி எடுப்பது. நாற்பத்தைந்து வருடம் அதைப் பார்த்தவள், பதனிட்ட தோலை உப்புத் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறேன்.

அன்று ஏழரைக்கு நிர்மலா கூப்பிட்டாள். "எல்லாம் நல்லா இருக்கு. சூரியோதயம் பார்த்தேன்" என்றேன். பத்து நிமிடத்தில் இக்பாலின் போன் அடித்தது. அவளேதான். அவர் என் கட்டுப்போட்ட கையை ஒருமுறை பார்த்தார்.

"அம்மா ஜாலியா இருக்காங்க மேடம். ஒரு கொறையும் இல்ல."

போனை வைத்ததும், "நான் உங்களைப் பொய் சொல்லச் சொன்னேனா?" என்றேன்.

"பொய் இன்னாம்மா இதுல? ஜாலியாத்தான இருக்கீங்க? சொன்னா அவங்க நாளைக்கே வந்து கூட்டிம்போய்டுவாங்க. அப்புறம் அந்தப் பூநாரைய யாரு பார்க்கிறது, நானா?"

கேட்டதும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று படுத்த பிறகு கைவலியைவிட இதுதான் உறுத்தியது. நான் சொன்ன பாதிப் பொய்யை முழுப் பொய்யாக்கும் வேலை அவர் தலையில் விழுந்துவிட்டது. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். புதன்கிழமையும் சொல்லவில்லை. அடுத்த வருடத்துக்கு மேற்குக் கரை என்று என் நோட்டில் ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தேன். சொன்னால் அந்தப் பயணம் போய்விடும்.

புதன் காலை எட்டு மணிக்குக் கிளம்பி நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம், 80 கிலோமீட்டர். அறை 1,500, சுத்தம். சாலையின் இரு பக்கமும் உப்பளங்கள், அம்பாரம் அம்பாரமாக உப்பு. அங்கிருந்து கோடியக்கரை 11 கிலோமீட்டர். மாலையில் சரணாலயத்தில் வெளிமான்களைப் பார்த்தோம். முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் மான் நடுப்பாதையில் நின்று, நாங்கள்தான் வழிவிட வேண்டும் என்பதுபோலப் பார்த்தது. பூநாரை இல்லை. "காலைல வாங்கம்மா, வெயில் ஏர்றதுக்குள்ள" என்றார் வனக் காவலர்.

வியாழன் காலை 6.40. கார் போகாத சேற்றில் ஒரு கிலோமீட்டர் நடை. ஒரு தடவைகூட வழுக்கவில்லை. தூரத்தில் தண்ணீரின் மேல் வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. நுரை என்று நினைத்தேன். இக்பால் கையைத் தட்டப் போனார், காவலர் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு தானாகவே எழுந்தது. நூற்றுக்கணக்கான சிறகுகள் ஒரே நேரத்தில் விரிந்தபோது, வெள்ளைக்கு உள்ளே மறைந்திருந்த சிவப்பு வெளியே வந்தது. "யா அல்லா" என்றார் இக்பால். நான் என் ஜெபத்தைச் சொன்னேன். சொல்லும்போதே, இன்று மாலை மகளிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஏழரைக்கு நானே வீடியோவில் கூப்பிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"எப்பம்மா?"

"செவ்வாய்க்கிழமை. காலைல ஆறு இருபது."

"இன்னைக்கு வியாழன்."

"ஆமா."

"இக்பால் அண்ணனும் சேர்ந்துதான் மறைச்சாரா?"

"அவரைத் திட்டாதே. அது என் பொய். அவர் வாயால வந்துச்சு, அவ்வளவுதான்."

"சரி. எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்று கேட்டு, ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னாள். கடைசியில், "சொன்னது ஞாபகம் இருக்குதாம்மா?" என்றாள்.

"இருக்குது. தனியா போறது இதோட முடிஞ்சுது."

வெள்ளி காலை ஆறுக்குக் கிளம்பி, 350 கிலோமீட்டர் வந்து, 3.40க்கு வேலூர். இறங்கும்போது இக்பால், "அந்த ரப்பர் செருப்ப கேட்டுலயே உட்டுடட்டுமாம்மா?" என்று கிண்டலாகக் கேட்டார். உள்ளே எடுத்துவரச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பறவைகளுக்காகப் போனால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். கோடியக்கரைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள், ஒரு காலை ஏமாற்றினாலும் இன்னொன்று இருக்கும். எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 37,500 ரூபாய், எக்ஸ்ரே உட்பட. படகோட்டி சொன்னால் செருப்பைக் கழற்றுங்கள். விழுந்தால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள், இரண்டு நாள் தள்ளினால் வலி இரண்டாகிவிடும்.

மேற்குக் கரைப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. "அறை: ஒருவர்" என்று எழுதியிருந்ததை அடித்து "இருவர்" என்று மாற்றினேன். எடுத்துச் செல்லும் பொருள்களில் தோல் செருப்பை நீக்கிவிட்டு, "ரப்பர் செருப்பு, இரண்டு ஜோடி" என்று எழுதினேன். என்னுடையது வாங்கியாகிவிட்டது. இரண்டாவதற்கு அளவு எழுதும் இடம் காலியாக இருக்கிறது. நிர்மலாவின் அளவு ஏழு. எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதவில்லை. நானும் வரட்டுமா என்று அவளே கேட்கட்டும்.